வெயிலுக்குக் கறுக்கும் கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரர்கள் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அவர்கள் விற்கிறார்கள், நாம் வாங்குகிறோம். ஆனாலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் உட்கார்ந்து எழுந்த கடைகளை நினைத்தால் இன்றைக்கும் மண்டை காய்கிறது. கிளாஸ், ஃபைபர், பாலி என்று மூன்று வகை லென்ஸையும் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்திருக்கிறேன். வெயிலில் நீட்டி எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது, நிழலுக்குள் கொண்டுவந்தால் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது என்று பார்த்திருக்கிறேன். கடைசியில் கடை வைக்கிற அளவுக்கு எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? எல்லாம் என் வீட்டுக்காரரின் கண்ணுக்காக.

அவர் டிப்பர் லாரி டிரைவர். ஆலங்குளம் பக்கம் ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. சொந்த ஊர் மகாராஜபுரம். அண்ணன் பட்டாளத்துக்குப் போனார், தம்பி போலீசுக்குப் போனார். இவரும் இரண்டுக்கும் ஓடிப் பார்த்தார், கிட்டப்பார்வை என்று இரண்டிலும் கழித்துவிட்டார்கள். "லாரி ஒண்ணுதான் என்னைய வேண்டாம்னு சொல்லல" என்பார். ஊரில் விசேஷம் என்றால் அண்ணனும் தம்பியும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், இவர் பின்னால் நிற்பார். டிப்பரில் ஏறி உட்கார்ந்தால்தான் அவருக்கு முதுகு நிமிரும். அந்த சீட்டை விட்டு இறங்க நேர்ந்தால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்ற பயம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு.

குவாரிக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். பாறை வெள்ளை, பாதை வெள்ளை, பறக்கிற தூசியும் வெள்ளை. உச்சிவெயிலில் அந்தக் குழிக்குள் இறங்கினால் எனக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. மற்ற டிரைவர்கள் ரோட்டோரத்தில் விற்கிற கூலிங்கிளாஸை மாட்டிக்கொள்கிறார்கள். இவருக்குப் பவர் கண்ணாடி இல்லாமல் ஆகாது, அதனால் கூலிங்கிளாஸ் போட வழியில்லை.

"கண்ணு கூசுது ஏட்டி" என்றுதான் ஆரம்பித்தது. "வெயில்ல இருந்து வீட்டுக்குள்ள வந்தா செத்த நேரத்துக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

நானும் கவனித்தேன். வாசலில் வைத்த குடத்தைக் காலால் தட்டிவிடுவார். தட்டில் ஓரமாகக் கூட்டு வைத்தால் அதைத் தொடாமலே எழுந்துவிடுவார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்துவேன். "கூட்டு வச்சியா, எங்க?" என்பார். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டுவேன்.

அவருடன் வேலை பார்க்கிற ஒரு டிரைவர்தான், வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் தானாக வெளுக்கிற பவர் கண்ணாடி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் அன்று முதல் இதே பேச்சு.

முதலில் ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி இரண்டு லென்ஸை எடுத்துவரச் செய்தார். எங்களிடம் தமிழில் விளக்கினார்.

"அண்ணாச்சி, இது கிளாஸ், நெசக் கண்ணாடி. லேசுல கீறல் விழாது. ஆனா கனம், கீழ விழுந்தா போச்சு. இது ஃபைபர், பிளாஸ்டிக்குதான். மூக்குல இருக்கதே தெரியாது. ஆனா கீறல் விழும், நாள் போகப் போகக் கறுக்கிறதும் கொறஞ்சுரும்."

"கல்லுத்தூசியில நிக்கிறவனுக்குக் கீறல் விழாததுதான் வேணும்" என்று கிளாஸைக் காட்டினார் இவர். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

கண்ணாடி வந்த அன்று தெருவில் போய் வெயிலில் நின்றார். கறுத்தது. ஓரம் தடித்த லென்ஸ் என்பதால் ஓரத்தில் அடர்ந்தும் நடுவில் வெளுத்தும், ஓரம் தீய்ந்த தோசை மாதிரி இருந்தது.

"எப்படிட்டி இருக்கேன், சினிமாக்காரன் மாதிரி இருக்கேனா?"

"ஆமா, கதாநாயகியத் தூக்கிட்டுப் போறவன் மாதிரி இருக்கீய."

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

குவாரியில் வண்டியைப் பின்னால் எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. பக்கக் கண்ணாடியில் தூசி அப்பிக்கிடக்கும், அதை யாரும் நம்புவதில்லை. டிரைவர் இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்ப்பார். பின்னால் ஓரமாக ஒருவர் நின்று கையைக் காட்டி "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் "ஓல்டான்!" என்று கத்துவார். ஒருநாள் இவர் அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வண்டியில் கல் ஏற்றிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து ஒரு சில்லு தெறித்து வலது லென்ஸில் பட்டது. கண்ணாடி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது. சாயங்காலம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நாசமாப் போச்சு! கண்ணுக்குள்ள போயிருந்தா என்ன கதி?" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அடுத்தது ஃபைபர். அதே கடை. லேசாகத்தான் இருந்தது. ஆனால் அது கெட்டது, நாங்கள் குடியிருக்கிற ராஜபாளையம் பக்கத்துப் பழக்கத்தால்.

நான் சர்ஜிக்கல் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணி இங்கேதான் நெய்கிறோம். கழிவுத் துண்டு இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. அடுப்புத் துடைக்க அது, மோர் வடிகட்ட அது, டிவி துடைக்க அது. பிள்ளை பிறந்தால் முதலில் சுற்றுவதும் அதில்தான். அவ்வளவு மெத்தென்று இருக்கும். இவர் சோற்றுப் பையில் தினமும் ஒரு கத்தை வைத்து அனுப்பினேன். அவரும் வண்டியை நிறுத்துகிற நேரமெல்லாம் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார். சீக்கிரத்திலேயே லென்ஸ் முழுக்க மூடுபனி விழுந்தது போல் ஆகிவிட்டது.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "புண்ணுல வைக்கிற துணிங்க. அது கண்ணாடியக் கீறுமா? கீறுச்சுன்னா உங்க சரக்கு எம்புட்டு மட்டம்!"

"துணி கீறலம்மா. துணியில ஒட்டியிருக்க கல்லுப்பொடி கீறுது. தண்ணியில கழுவிட்டுத்தான் தொடைக்கணும்."

"நல்லாருக்கே! குடிக்கவே தண்ணி இல்லாத எடத்துல கண்ணாடிய வேற குளிப்பாட்டணுமாக்கும்?"

கடைக்காரர் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இதில் ஒரு கேடு என்னவென்றால், வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டால், லென்ஸில் கீறல். கடைத்தெருவில் எதிரே வந்தவர் மேல் மோதினால், வெயிலில் கறுத்தது இன்னும் வெளுக்கவில்லை. கீழே வைத்த செருப்பைத் தேடினால், கண்ணாடி மூக்கில் சரியாக உட்காரவில்லை. அவர் சொல்லுவார், நானும் ஆமாம் போடுவேன். சரியான கண்ணாடி ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு கடையில் பாலி கிடைக்கும் என்று சொன்னார்கள். கல் பட்டாலும் உடையாது, கிளாஸ் அளவுக்குக் கனமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். அந்தக் கடைக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். ஊதா வெளிச்சம் அடிக்கிற சின்ன டார்ச் ஒன்றை எடுத்து லென்ஸின் நடுவில் அடித்தார். அந்த இடம் மட்டும் வட்டமாகக் கறுத்தது. டார்ச்சை அணைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. இவர் குழந்தை மாதிரி "இன்னொருக்க அடிங்க" என்றார். அவரும் அடித்துக் காட்டினார்.

"பாலி உடையாது. ஆனா சும்மா வச்சா ஃபைபரவிட மோசமாக் கீறும். மேல ஒரு கோட்டிங் போட்டுத் தாரோம். கோடையில கொஞ்சம் கம்மியாத்தான் கறுக்கும், சூடு கூடுனா தானாக் கறுக்கிற எல்லா லென்ஸும் அப்படித்தான். அண்ணாச்சிக்கு என்ன வேலை?"

"டிப்பர் ஓட்டுறேன்."

கடைக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். "வண்டிக்குள்ள இருக்கப்பவா கூசுது?"

"பொறவு? வண்டிக்குள்ளதான நாள் பூரா இருக்கேன்."

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள இது கறுக்காது. வெயில்ல எது இதக் கறுக்க வைக்குதோ, அத முன்னாடி இருக்க கண்ணாடி பாதிக்கு மேல தடுத்துரும். வெளிய தலைய நீட்டுனாத்தான் கறுக்கும்."

அப்படியென்றால் உள்ளே உட்கார்ந்து வெள்ளைக் குழியைப் பார்க்கிறபோது லென்ஸ் வெளுத்துக் கிடந்திருக்கிறது. தலையை நீட்டிப் பின்னால் பார்க்கிறபோது கறுத்திருக்கிறது. கறுத்த கண்ணாடியோடேயே நிழலுக்குள் வண்டியை விட்டிருக்கிறார். எது எப்போது வேண்டாமோ அப்போது அதைச் செய்திருக்கிறது. இத்தனை நாள் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் வண்டிக்குள் இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

"சரி, ஃபிரேமப் பாருங்க" என்று கடைக்காரர் இவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தட்டை வைத்தார். இவர் கை மேஜை மேல் தடவிக்கொண்டு போனது. தட்டு அங்கேயே இருக்கிறது, கை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"அண்ணாச்சி, என் மூஞ்சியவே பாருங்க. என் கை ஆடுறது தெரியுதா?"

"எந்தக் கை?" என்றார் இவர்.

கடைக்காரர் கைகளை இறக்கிக்கொண்டார். "அக்கா, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி விழித்திரையக் காட்டுங்க. இது கண்ணாடி சமாச்சாரம் இல்ல" என்றார்.

"நான் கண்ணாடி வாங்க வந்தேனா, சோசியம் பாக்க வந்தேனா?" என்று இவர் எகிறினார். ஆனாலும் பாலிக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் வந்தார். பஸ்ஸில் ஊர் வருகிற வரைக்கும் மேற்கே மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மதுரைக்குப் போவோம் என்று கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை சோறு ஆக்காமலும் இருந்து பார்த்தேன். "புதுக் கண்ணாடிய நாலு நாள் போட்டுப் பாப்பமே" என்பார். இல்லையென்றால் லீவு கிடைக்காது என்பார்.

பாலி வந்தது. போட்டுக்கொண்டு போனார். ஒருநாள் மத்தியானம் வெளியே தலையை நீட்டிப் பின்னால் எடுத்தவர், கல் உடைக்கிற கொட்டகைக்குள் வண்டியைத் தேவைக்கு மேல் விட்டுவிட்டார். கை காட்டுகிறவர் வயசாளி, ஓரத்தில் நின்று "ஓல்டான், ஓல்டான்" என்று கத்தியிருக்கிறார். மெஷின் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை, காட்டிய கையும் தெரியவில்லை. அந்த மனுஷன் குதித்துத் தப்பினார், காலில் எலும்பு முறிந்தது. கொட்டகைத் தூண் சாய்ந்து தகரம் வண்டி மேல் இறங்கியது.

"கண்ணாடி வெளுக்கல சார், கறுப்பாவே இருந்துச்சு" என்று இவர் மேனேஜரிடம் சொன்னாராம். மேனேஜர் நல்ல மனுஷன். "கண்ணச் சரி பண்ணிட்டு வாங்கய்யா, வண்டி உங்களுக்கு எப்பவும் இருக்கு" என்று அனுப்பிவைத்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவர் மதுரைக்கு வரச் சம்மதித்தார். கண் சரியானால் வண்டி. அது ஒன்றுதான் அவர் மனதில்.

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்தார்கள். தாடையை வைத்துக்கொண்டு நேரே பார்க்க வேண்டும். உள்ளே எங்கே வெளிச்சப்புள்ளி தெரிந்தாலும் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். நான் பின்னால் நின்றிருந்தேன். வெகுநேரம் அவர் கை அசையவே இல்லை. திடீரென்று அமுக்க ஆரம்பித்தார், விட்டு விட்டு, பிறகு படபடவென்று.

"ஐயா, தெரியாம அமுக்காதீங்க. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண்.

அவர் கை நின்றுவிட்டது. பட்டாளத்திலும் போலீசிலும் கழித்தபோது இவர் எப்படி நின்றிருப்பார் என்று நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் சின்னதாக வெள்ளை. அந்த ஓட்டை வழியாகத்தான் அவர் இத்தனை நாள் என்னையும் ரோட்டையும் பார்த்திருக்கிறார்.

"அப்பா அம்மா சொந்தத்துல கட்டுனவங்களா?"

"எங்கம்மா கட்டுனது அவுக சொந்தத் தாய்மாமனத்தான்" என்றார் இவர், ஊரில் சொல்வது போலப் பெருமையாக. "இவளும் எனக்குச் சொந்த அத்தை மகதான்."

சொந்தம் விட்டுப் போகக் கூடாது, நிலம் வெளியே போகக் கூடாது என்று எங்கள் பக்கம் இப்படித்தான் கட்டுவார்கள். டாக்டரம்மா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். விழித்திரை கெடுகிற இந்த வியாதி சொந்தத்தில் கட்டுவதால் வருவது உண்டு என்றும், ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் இருப்பதும் போகும் என்றும், எப்போது என்று சொல்ல முடியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

"மருந்து?" என்றேன்.

"இவருக்குக் குடுக்கிற மாதிரி இப்ப எதுவும் இல்லம்மா. வண்டி ஓட்டவே கூடாது."

எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டேன். "அப்ப கண்ணாடி, கிளாஸு நல்லதா, பாலி நல்லதா?"

"எது வேணும்னாலும் போட்டுக்கோங்க. கூச்சம் கொஞ்சம் கொறையும். பார்வைக்கு அது ஒண்ணும் செய்யாது. பிள்ளைங்க இருக்காங்களா? இருந்தா அவங்களையும் பாக்கணும்."

"இல்லை" என்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் அழாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. அன்றைக்குத்தான் முதல்தடவையாக, நல்ல வேளை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அந்த இடத்திலேயே அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னார்: "அந்த டாக்டர் பிள்ளைக்கு என்ன தெரியும், நேத்துப் படிச்சிட்டு வந்தது. சரியான லென்ஸு அமையல ஏட்டி, அம்புட்டுத்தான்."

டாக்டர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். குவாரியில் அவர் வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார் என்று தெரிந்த பிறகும் வண்டியின் மாற்றுச் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். தம்பி வந்து, "பேசாம வீட்டுல இருங்கண்ணே, நாங்க இருக்கோம்ல" என்றபோது இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகும் கடைக்குப் போனோம். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒன்று, மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று. இதைவிட லேசாக ஒன்று வந்திருக்கிறதாம், இதைவிடச் சீக்கிரம் வெளுக்குமாம். கடைக்காரர்கள் எடுத்து வைப்பார்கள், அவர் விரலால் தடவிப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இது கனம் கம்மிங்க, இது நல்லாக் கறுக்குதுங்க" என்று சொல்லுவேன். கடையை விட்டு வெளியே வந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பேன். முன்னே என்றால் நடுரோட்டில் கையைப் பிடிக்க விடமாட்டார்.

இந்தக் கோடையில் ஒருநாள் காலையில் டீக்கடைக்குப் போய்விட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாட்டுக்கு வேலையில் இருந்தேன். உலை கொதித்து, சோறு வடித்து, குழம்பும் கூட்டி முடித்துவிட்டேன். வந்து பார்த்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியைக் கழற்றாமல்.

"ஏட்டி, இந்தக் கண்ணாடியும் சரியில்ல" என்றார். "வந்து எம்புட்டு நேரமாச்சு, இன்னும் வெளுக்கவே இல்ல. வீடே இருட்டா இருக்கு."

கிட்டே போய்ப் பார்த்தேன். லென்ஸ் தெளிந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் அவருடைய இரண்டு கண்களும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. நான் நின்ற இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னட்டி, பேச மாட்டேங்குற? வெளுத்திருச்சா, இல்லையா?"

"இல்லைங்க" என்றேன். "கறுப்பாத்தான் இருக்கு. வெயில் கடுசுல்ல, இன்னும் செத்த நேரம் ஆகும்."

"அப்படின்னாச் சரி" என்று சொல்லி, அது வெளுப்பதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.